அந்தப் பக்கம் எட்டு மணி

“இந்தத் தெருவுல குடியிருக்கிறவங்க எல்லாம் எப்படிப் பேசிக்குவாங்க?” என்று சில்லறை கத்தினான்.

“என்ன?” என்றார் துருவலம்மா.

“பதில் கிடைச்சிருச்சு மேடம்!”

தெருவின் எதிர்ப்பக்கத்தில் பாறை உடைக்கும் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தம் கடைவாய்ப் பல்லில் நுழைந்து, தாடை வழியாக ஏறி, மண்டைக்குள் கூடாரம் போட்டது. அடுக்குமாடிக் கட்டடத்துக்கு அஸ்திவாரம் தோண்டுகிறார்கள். தகர வேலிக்குப் பின்னால் பள்ளம், பள்ளத்துக்குள் பாறை, பாறைமேல் அந்த இயந்திரம். நாலு மாதமாக இதே பாட்டுத்தான் என்று பக்கத்துக் கடைக்காரர் சைகையில் சொன்னார்.

அந்தப் பள்ளத்தில்தான் போன வாரம் ஒரு காலையில் வேலையிடத்து சூப்பர்வைசர் பிணமாகக் கிடந்தார். பின்மண்டையில் அடி. அன்று மத்தியானமே எதிர்வீட்டு டிரைவர் காவல் நிலையத்துக்குத் தானாக நடந்துபோய், “நான்தான் தள்ளிவிட்டேன்” என்று சொல்லிக் கையை நீட்டிவிட்டார்.

கொலையாளி தானாக வந்து மாட்டிக்கொண்ட வழக்கில் துப்பறிவாளருக்கு என்ன வேலை? அதைத்தான் சில்லறை இரண்டு நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தான். அவன் வாயைத் திறந்தால் கிழிந்த சட்டைப்பையிலிருந்து காசு கொட்டுகிற மாதிரி வார்த்தைகள் கொட்டும். அதனால்தான் அந்தப் பெயர். துருவலம்மா அதற்கு நேர்மாறு. காப்பீட்டு நிறுவனத்தில் பொய்க் கோரிக்கைகளைக் கண்டுபிடிக்கும் வேலையில் தலை நரைத்தவர். எதிராளியின் கதையில் நார் தெரிகிற வரைக்கும் துருவுவார், விடமாட்டார்.

அவர்களைக் கூப்பிட்டது டிரைவரின் அக்கா. பெற்றோர் போனபிறகு தம்பியைத் தூக்கி வளர்த்தவர்.

“நடுரோட்டுல நாய் குறுக்க வந்தா பிரேக் போட்டுட்டு, பஸ்ல இருக்கிற அத்தனை பேர்கிட்டயும் திட்டு வாங்கறவன் என் தம்பி,” என்றார் அக்கா, டிரைவரின் வீட்டு முன்னறையில். ஜன்னல்களை அடைத்து மெத்தைத் துண்டுகளைச் செருகியிருந்ததால் உள்ளே பேசினால் கேட்டது, கொஞ்சம் உரக்கப் பேசினால். “அவன் ஒருத்தர தள்ளினான்னு அவனே சொன்னாலும் நான் நம்பமாட்டேன்.”

“அவரேதானே சொல்லியிருக்காரு?” என்றான் சில்லறை.

“அதான் நம்பலைங்கறேன்.”

மூலையில் டிரைவரின் மனைவி கைக்குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு முன்னும் பின்னும் ஆடிக்கொண்டிருந்தாள். குழந்தை தூங்கவில்லை. அவள் தூங்கி எத்தனை நாளாயிற்றோ, கண்ணுக்குக் கீழே கரி பூசினாற்போல் இருந்தது. துருவலம்மா கேட்ட நாலு கேள்விக்கும் “எனக்குத் தெரியாதுங்க” என்று ஒரே பதிலைச் சொன்னாள்.

அக்கா சொன்ன சங்கதி இவ்வளவுதான். டிரைவருக்கு ராத்திரி பஸ். சாயங்காலம் ஐந்தரைக்கு வீட்டை விட்டுக் கிளம்புவார். டிப்போவில் ஓய்வறை இருக்கிறது. அங்கே ஒரு மணி நேரம் கட்டையைச் சாய்த்துவிட்டு, ஆறரைக்குக் கையெழுத்துப் போட்டு, ஏழு மணிக்கு பஸ்ஸை எடுப்பார். காலையில் வந்து படுத்தால் எதிரே இயந்திரம் ஆரம்பித்துவிடும். காதில் பஞ்சு, தலைமேல் தலையணை, அப்படியும் தூக்கம் வராது. வார விடுமுறைக்கு மட்டும் அக்கா வீட்டுக்குப் போய்ப் ராத்திரி வெகுநேரம்வரை அடித்துப்போட்ட மாதிரி தூங்குவார்.

அவர் போலீசிடம் சொன்னதும் சிக்கல் இல்லாத கதை. சம்பவத்தன்று ஆறு மணிக்கு இயந்திரம் நின்றது. ஆட்கள் போய்விட்டார்கள். கதவைப் பூட்ட சூப்பர்வைசர் மட்டும் நின்றார். சத்தத்தைப் பற்றித் தகராறு வந்தது, தள்ளினார், பிறகு டிப்போவுக்குப் போய்விட்டார். ஓய்வறையில் அன்று அவரைப் பார்த்தவர் யாரும் இல்லை. பிரேதப் பரிசோதனை செய்த டாக்டரோ, சாயங்காலம் ஐந்துக்கும் ஒன்பதுக்கும் நடுவில் என்று பெரிய வலையாக வீசிவிட்டார்.

வெளியே வந்ததும் துருவலம்மா ஒரு கம்பத்தின் முன் நின்றுவிட்டார். மாநகராட்சிப் பலகை. ‘குடியிருப்புப் பகுதி. மாலை ஆறு மணிக்கு மேல் இயந்திரச் சத்தம் தடை செய்யப்பட்டுள்ளது.’

“பலகையும் ஆறுன்னுது, டிரைவரும் ஆறுன்னாரு. ரெண்டு சாட்சி மேடம். ஒண்ணு இரும்புச் சாட்சி.”

“பலகை எந்தப் பக்கம் நிக்குது?”

“நம்ம பக்கம்.”

“குழி எந்தப் பக்கம் இருக்கு?”

சில்லறை தெருவைப் பார்த்தான். அப்போதுதான் கவனித்தான். இந்தப் பக்கத் தெருவிளக்குகள் வெள்ளை, அந்தப் பக்கத்தவை மஞ்சள். இந்தப் பக்கக் குப்பைத்தொட்டி பச்சை, அந்தப் பக்கம் நீலம். தார்ச்சாலைகூட நடுவில் நிறம் மாறியிருந்தது. இந்த ஊர்க்காரர்கள் தங்கள் பாதிக்கு மட்டும் புதுத் தார் போட்டிருந்தார்கள். இரண்டு நகரங்கள் முதுகோடு முதுகு ஒட்டிப் படுத்திருந்த தெரு அது. காவல் நிலையம் மட்டும்தான் இரண்டுக்கும் பொது.

“அந்த ஊருக்கும் ஆறு மணிதானா?” என்றார் துருவலம்மா.

*

இந்த ஊர் மாநகராட்சியில் சத்தப் புகார்ப் பிரிவு மூன்றாவது மாடியில், படிக்கட்டுக்குப் பக்கத்தில் இருந்தது. அதிகாரி அம்மாள் மேஜைமேல் இருந்த சத்தம் அளக்கும் கருவியைத் தொட்டுக் காண்பித்தார்.

“எங்க ஊர் சட்டம் நல்ல சட்டங்க. குடியிருப்புல பகல்ல ஐம்பது டெசிபலுக்கு மேல போகக்கூடாது. ஆறு மணிக்கு மேல மெஷினே கூடாது. அளக்கிறது எங்க தெரியுமா? புகார் குடுத்தவங்க வீட்டு ஜன்னல்ல. காது எங்க இருக்கோ அங்கதான அளக்கணும்?”

“அப்ப அந்தத் தெருவுல போய் அளந்தீங்களா?”

“அளந்தோமே. ஊசி கடைசிக்குப் போய் ஒட்டிக்கிச்சு.”

“நோட்டீஸ் குடுத்தீங்களா?”

“யாருக்குங்க குடுக்கிறது? சத்தம் போடறவர் அந்த ஊர்ல இருக்காரு. எங்க அதிகாரம் ரோட்டு நடுக்கோட்டோட முடிஞ்சிருது.”

“சத்தம் மட்டும் பாஸ்போர்ட் இல்லாமத் தாண்டி வருதே?” என்றான் சில்லறை.

அதிகாரி அம்மாள் சிரிக்கவில்லை. இதைப் பலர் சொல்லிக் கேட்டிருப்பார் போல. “அந்த ஊர்ல போய்க் கேளுங்க,” என்றார்.

அந்த ஊர் அலுவலகம் கண்ணாடிக் கட்டடம். பொறியாளர் இளைஞர், பணிவானவர். அவருக்கும் அவர் ஊர்ச் சட்டத்தில் பெருமை இருந்தது.

“நாங்க வளர்ற ஊருங்க. பகல்ல அறுபத்தஞ்சு வரைக்கும் விடுவோம். கட்டட வேலை ராத்திரி எட்டு மணி வரைக்கும் செய்யலாம். அளக்கிறதும் எங்க ஊர் வீட்டு வாசல்லதான். முதல் வீடே காலி மனைங்களத் தாண்டித் தூரத்துல இருக்கு. மீட்டர் பூனை மாதிரி படுத்திருக்கும்.”

“எட்டு மணியா?” என்றார் துருவலம்மா.

“எட்டு மணி. எட்டுக்கு மேல ஒரு நிமிஷம் ஓடினாலும் அபராதம். அதுல நாங்க ரொம்பக் கண்டிப்பு.”

“ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிறவங்க யாராவது உங்ககிட்ட வந்தாங்களா?”

பொறியாளரின் முகம் கொஞ்சம் வாடியது. “ஒரு அம்மா வருவாங்க. கைக்குழந்தையோட. முதல்ல அந்த ஆபீஸ் போவாங்க, அங்கேருந்து இங்க வருவாங்க. வாராவாரம். ‘உங்க ஊர்ல ஆறு, எங்க ஊர்ல எட்டும்மா’ன்னு நானே பத்துத் தடவை சொல்லியிருப்பேன். கடைசித் தடவை வந்தப்ப ஒண்ணும் பேசல. அந்த நாற்காலியில உக்காந்து தூங்கிட்டாங்க. எழுப்ப மனசு வரலை, ஏசி ரூம்தானேன்னு விட்டுட்டேன்.”

துருவலம்மா அந்த நாற்காலியைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். சில்லறைக்கு அதெல்லாம் கண்ணில் படவில்லை. அவன் மனசுக்குள் பட்டாசு வெடித்துக்கொண்டிருந்தது. ஆறு மணிக்கு இயந்திரம் நிற்கவே இல்லை என்றால், ஆறு மணிக்கு ஆட்கள் போகவும் இல்லை, சூப்பர்வைசர் தனியாக நிற்கவும் இல்லை!

மிச்சத்தை இயந்திரம் ஓட்டுகிறவரே முடித்துவைத்தார். டீக்கடையில் வைத்துப் பிடித்தார்கள். காதிலிருந்து பஞ்சை எடுத்துவிட்டு, “எட்டுக்குத்தாங்க நிறுத்தினோம். எல்லாரும் ஒண்ணாத்தான் கிளம்பினோம். சூப்பர்வைசர் கதவுகிட்ட நின்னு ‘காலையில லேட்டா வராதீங்கடா’ன்னு கத்தினாரு. உயிரோட இருந்ததாலதான கத்தினாரு?” என்றார்.

“இத ஏன் போலீஸ்ல சொல்லலை?”

“கேட்டாத்தான சொல்ல? ‘ரூல்படி நிறுத்தினீங்களா’ன்னாங்க. ஆமான்னேன். அதுக்கு மேல அவங்களும் கேக்கலை, நானும் நீட்டலை.”

சில்லறைக்குக் கைதட்ட வேண்டும் போலிருந்தது. இன்ஸ்பெக்டர் பலகையைப் பார்த்து ரூல் என்றால் ஆறு என்று நினைத்துக்கொண்டார். இவருக்கு ரூல் என்றால் எட்டு. எட்டு மணிக்கு டிரைவர் ஊரைத் தாண்டி நெடுஞ்சாலையில், ஒரு பஸ் நிறைய சாட்சிகளோடு போய்க்கொண்டிருந்தார்.

துருவலம்மா டீக்குக் காசு கொடுத்துவிட்டு வருவதற்குள் சில்லறை போனை எடுத்துவிட்டான்.

“அக்கா! உங்க தம்பி செய்யலை! நிரூபிச்சாச்சு!”

மறுமுனையில் ஒரு அழுகை கிளம்பியது. சில்லறையின் கண்ணும் நிறைந்துவிட்டது. இந்தத் தொழிலில் நல்ல செய்தி சொல்லும் வாய்ப்பு எப்போதாவதுதான் வரும்.

துருவலம்மா வந்தார். முகத்தில் வெற்றியின் அடையாளமே இல்லை.

“இப்போதைக்கு இதை யார்கிட்டயும் மூச்சு விடாதே.”

“மேடம்... அது வந்து...”

“சொல்லிட்டியா?”

“அக்காகிட்ட மட்டும்தான். அவங்க உடனே வக்கீல்கிட்ட ஓடறாங்க. ஏன் மேடம், சந்தோஷமான விஷயம்தானே?”

துருவலம்மா டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தார்.

“செய்யாத ஒருத்தர் செஞ்சேன்னு ஏன் சொன்னார்? ஆறு மணின்னு சொன்னதுல அவருக்கு எட்டு மணிக் கணக்கே தெரியாதுன்னு தெரியுது. அவர்தான் அந்த நேரத்துல வீட்டுல இருந்ததே இல்லையே. ஆனா அந்த வீட்டுல எட்டு மணின்னு நல்லாத் தெரிஞ்ச ஒருத்தங்க இருக்காங்க. பத்துத் தடவை கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டவங்க. புருஷன் தப்பான மணியச் சொல்லி உள்ள போறாரு. ‘எட்டு மணிங்க’ன்னு ஒரு வார்த்தை சொன்னா அவர் வெளிய வந்துடுவாரு. அந்த வார்த்தையை அவங்க ஏன் சொல்லலை?”



*

மறுநாள் காலை சிறையில் டிரைவரைப் பார்த்தார்கள். கம்பிக்கு அந்தப் பக்கம் வந்து உட்கார்ந்தவரைப் பார்த்து சில்லறைக்கு ஆச்சரியம். முகம் தெளிந்திருந்தது. கண் வெள்ளை வெள்ளையாக இருந்தது. நன்றாகத் தூங்கி எழுந்த மனிதர்.

“மெஷின் எத்தனை மணிக்கு நிக்கும்?” என்றார் துருவலம்மா எடுத்த எடுப்பிலேயே.

“ஆறு மணிக்கு. போர்டுலயே போட்டிருக்கே மேடம்.”

“எட்டு மணிக்கு நிக்கும். அது அந்த ஊர் மெஷின்.”

டிரைவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு விரல்கள் மேஜைமேல் மெல்ல நகர்ந்தன, எதையோ கணக்குப் போடுகிற மாதிரி. கணக்கு முடிந்த இடத்தில் அவர் முகத்திலிருந்த தெளிவு இறங்கிப்போனது.

“அவ சொன்னா மேடம்,” என்றார். “‘எட்டு வரைக்கும் ஓடுதுங்க, எட்டு வரைக்கும் ஓடுதுங்க’ன்னு எத்தனையோ தடவை சொன்னா. நான் காதுல பஞ்ச வச்சுக்கிட்டு ம்... ம்...னு கேட்டுட்டு இருந்திருக்கேன்.”

டிரைவர் சட்டென்று நிமிர்ந்தார்.

“எட்டு மணிங்கறது வேற யாருக்குத் தெரியும்?”

“உங்க அக்காவுக்கு. உங்க வக்கீலுக்கு. மெஷின்காரரக் கூட்டிக்கிட்டு இன்னிக்கு ஸ்டேஷனுக்குப் போறாராம்.”

டிரைவர் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். “நிறுத்துங்க மேடம். உங்களக் கெஞ்சிக் கேக்கறேன். நான் தண்டனைய அனுபவிச்சுக்கறேன். எனக்கு இங்க ஒரு குறையும் இல்ல. இங்க ஃபேன் சத்தம்கூட இல்ல. நாலு மாசம் கழிச்சு நான் தினமும் தூங்கறேன், தெரியுமா? குட்டிக்குப் பால் குடுக்கிறது அவதான். நானா குடுக்க முடியும்? என்னைய விட்டுடுங்க. அக்காகிட்ட நீங்க தப்பாச் சொல்லிட்டதா சொல்லுங்க. மெஷின்காரர்கிட்டப் பேசுங்க...”

“எல்லாரும் பொய் சொன்னாலும் அந்த ஊர் சட்டப்புத்தகத்துல எட்டுன்னுதான் இருக்கும்,” என்றார் துருவலம்மா.

டிரைவர் நெற்றியைக் கம்பியில் சாய்த்துக்கொண்டார்.  நேரம் முடிந்து காவலர் வந்து தோளைத் தொட்டபோது சில்லறையைப் பார்த்தார். “அக்காவுக்கு போன் பண்ணினது நீங்களா?”

“ஆமாங்க.”

“ரொம்பச் சந்தோஷப்பட்டாளா?”

சில்லறை தலையை ஆட்டினான்.

“பாவம்,” என்றார் டிரைவர்.

*

அவர்கள் போய்ச் சேர்ந்தபோது வீடு கழுவித் துடைத்துப் பளிச்சென்று இருந்தது. அக்கா காலையிலிருந்து அந்த வேலையில்தான் இருந்திருக்கிறார். தம்பிக்குப் புதுச் சட்டை ஒன்று மடிப்புக் கலையாமல் நாற்காலியில் கிடந்தது. எதிரே இயந்திரம் நேற்றைவிட மூர்க்கமாகப் பாறையைக் குதறிக்கொண்டிருந்தது.

“வாங்க வாங்க!” என்று அக்கா சில்லறையின் கையைப் பிடித்துக்கொண்டார். “வக்கீல் ஸ்டேஷன்லதான் இருக்காரு. மெஷின்காரர் எழுதிக் குடுத்துட்டாராம். ரெண்டு நாள்ல வெளிய வந்துடுவான்ங்கறாரு. நீங்க நல்லா இருக்கணும். ஆனா பாருங்க, இவ...” என்று மூலையைக் காட்டினார். “சொன்னதுலருந்து பிரமை பிடிச்ச மாதிரி உக்காந்திருக்கா. சந்தோஷத்துல சிலருக்கு அப்படி ஆகும்னு சொல்லுவாங்க.”

டிரைவரின் மனைவி தரையில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். மடியில் குழந்தை கண்ணைக் கொட்டக் கொட்ட விழித்துக்கொண்டிருந்தது.

துருவலம்மா அவளுக்கு எதிரில், தரையிலேயே உட்கார்ந்தார். முட்டிவலிக்காரர், சும்மா உட்காரமாட்டார் என்பது சில்லறைக்குத் தெரியும்.

“அம்மா, எட்டு மணிக்கு மெஷின் நின்ன பிறகு என்ன நடந்தது?”

அவள் உதடு அசைந்தது. சத்தம் இயந்திரத்தோடு போயிற்று.

“கேக்கலைம்மா.”

மறுபடி உதடு அசைந்தது.

“கொஞ்சம் சத்தமாச் சொல்லும்மா.”

“நான்தான் தள்ளினேன்னு சொல்றேன்!” என்று அவள் வீடே அதிரக் கத்தினாள். “நான்தான்! நான்தான் தள்ளினேன்!”

அக்கா கையிலிருந்த துடைக்கிற துணியோடு அப்படியே நின்றார்.

ஒருமுறை கத்திவிட்ட பிறகு அவளுக்கு மற்றதைச் சொல்வது எளிதாக இருந்தது போலும். கண்ணீர்கூட இல்லாமல் சொல்லிக்கொண்டே போனாள்.

“எட்டு மணிக்கு நின்னது. குட்டி அன்னிக்குப் பூரா தூங்கலை. நின்ன உடனே தோள்ல தலைய வச்சா, அப்படியே தூங்கிட்டா. படுக்கையில போட்டுட்டு நானும் படுக்கலாம்னு போறேன், டுபுடுபுன்னு சத்தம். குழியிலேருந்து தண்ணி இறைக்கிற டீசல் மோட்டார். எட்டுக்கு மேல கூடாது. அந்த ஊர்லயும் கூடாது. அது எனக்குத் தெரியும். குட்டி வீல்னு எந்திரிச்சுட்டா. அவளத் தோள்ல போட்டுக்கிட்டே ரோட்டத் தாண்டிப் போனேன். சூப்பர்வைசர் தனியா இருந்தாரு. ‘நிறுத்துங்க சார், உங்க ஊர் சட்டப்படியே தப்பு’ன்னேன். ‘புகார் குடும்மா, காலையில வந்து அளப்பாங்க, அப்ப மோட்டார் இருக்காது’ன்னு சிரிச்சாரு. நானே அணைக்கிறேன்னு போனேன். கையப் பிடிச்சாரு. உதறித் தள்ளினேன். ஓரம் பூரா சேறு. அவர் வழுக்கி உள்ள போயிட்டாரு.”

“அப்புறம்?”

“மோட்டார அணைச்சேன்.”

அவள் கை குழந்தையின் முதுகைத் தட்டிக்கொண்டிருந்தது.

“சத்தமே இல்லைங்க. நாலு மாசத்துல அப்படி ஒரு அமைதிய நான் கேட்டதே இல்ல. அந்த ஆளு ஏறி வந்து திட்டுவாரு, நாளைக்குப் பாத்துக்கலாம்னு நினைச்சேன். சத்தியமா அப்படித்தான் நினைச்சேன். வீட்டுக்கு வந்தேன். குட்டி தூங்கினா. நானும் தூங்கிட்டேன். விடியற வரைக்கும் தூங்கினேன்.” அவள் துருவலம்மாவின் முகத்தை முதல் தடவையாக நேராகப் பார்த்தாள். “அவர் உள்ளேருந்து கூப்பிட்டிருப்பாராங்க? கூப்பிட்டா கேக்கிற தூரம்தான். நான் தூங்கிட்டேனே.”

அவள் குழந்தையைத் தோளுக்கு மாற்றிக்கொண்டு மேலே சொன்னாள். 

“காலையில என் வீட்டுக்காரர் டூட்டி முடிச்சு வந்தாரு. ரோட்டுல கூட்டம். மெஷின் நின்ன பிறகு நடந்ததச் சொன்னேன். அவர் என் செருப்பக் கழுவினாரு. ‘நீ வாயத் திறக்காத, குட்டிக்கு நீ வேணும்’னு சொல்லிட்டுப் போனவர்தான். ஆறு மணின்னு எழுதிக் குடுத்திருக்காருன்னு அண்ணி சொன்னப்பதான் எனக்கே தெரிஞ்சது. தப்புன்னு சொல்ல வாய் வரலை. சொன்னா அவர் வருவாரு, நான் போவேன். சொல்லாட்டி அவர் போவாரு. ரெண்டுல எதச் சொல்ல?”

அக்கா மெல்ல வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். நாத்தனார் அடிப்பாரோ என்று சில்லறை பயந்தான். அக்கா அடிக்கவில்லை. துருவலம்மாவைப் பார்த்துத் திரும்பினார். முகம் ஒரு முடிவோடு இறுகியிருந்தது.

“நான் செஞ்சேன்னு சொல்லிக்கறேன். எனக்குப் புருஷன் பிள்ளை இல்ல. தம்பிக்காகக் கோவத்துல வந்தேன், தள்ளினேன். எட்டு மணிக்கு. இப்ப எனக்கும் மணி தெரியும்ல? எழுதிக்கங்க.”

“அன்னிக்கு எட்டு மணிக்கு நீங்க எங்க இருந்தீங்க?” என்றார் துருவலம்மா. அவர் அவ்வளவு மெதுவாகக் கேள்வி கேட்டு சில்லறை பார்த்ததில்லை.

அக்கா யோசித்தார். யோசிக்க யோசிக்க அவர் தோள் தளர்ந்தது.

“ஆஸ்பத்திரியில. சலவைப் பிரிவுல. ராத்திரி பத்து வரைக்கும் ஷிப்ட்.”

“கூட யாரு?”

“எல்லாரும்தான். பெரிய டாக்டரே வந்து போர்வை பத்தலைன்னு சத்தம் போட்டாரு. என்னையத்தான் போட்டாரு.”

தான் வேறிடத்தில் இருந்ததற்கு இத்தனை சாட்சி இருக்கிறதே என்று ஒருத்தர் வாய்விட்டு அழுவதை சில்லறை அன்றைக்குத்தான் பார்த்தான். அக்கா தரையில் கையை ஊன்றிக்கொண்டு அழுதார். அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். போனை எடுத்த தன் கையை வெட்டிப்போடலாம் போலிருந்தது. வெட்டி என்ன ஆகப்போகிறது? பொறியாளரிடம் கேட்டாலே யாருக்கும் தெரியக்கூடிய உண்மை அது. இன்றில்லாவிட்டால் நாளைக்கு யாராவது கேட்டிருப்பார்கள். ஆனால் அந்த ஒரு நாளாவது அவர்களுக்கு மிஞ்சியிருக்கும்.

“மேடம்,” என்றான் தணிந்த குரலில். “வேணும்னு தள்ளலைல்ல? அதச் சொல்லலாம்ல?”

“சொல்லுவோம். வக்கீலும் சொல்லுவார். அணைச்சுட்டுப் போய்த் தூங்கினதத்தான் எல்லாரும் கேப்பாங்க. புருஷன் பொய் வாக்குமூலம் குடுத்ததுக்கு அவர் மேலயும் ஒரு வழக்கு இருக்கும்.” துருவலம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். “எதிர்ல இருக்கிறவங்க மேல மட்டும் ஒண்ணும் இருக்காது. பகல் பூரா சட்டப்படிதான் ஓட்டினாங்க.”

வாசலில் ஜீப் வந்து நின்றது இயந்திரச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. ஜன்னல் இடுக்கில் நிழல் விழுந்ததைப் பார்த்துத்தான் தெரிந்தது. இன்ஸ்பெக்டர் உள்ளே வந்தார். காலையில் ஒரு கொலைகாரனை இழந்தவர், இப்போது இன்னொருவரைத் தேடிக்கொண்டு வந்திருந்தார். வீட்டில் எட்டு மணிக்கு யார் யார் இருந்தார்கள் என்று கேட்பதற்குள், டிரைவரின் மனைவி எழுந்து நின்றாள்.

குழந்தையை அக்காவிடம் நீட்டினாள். அக்கா வாங்கத் தெரியாதவர் மாதிரி தடுமாறி வாங்கினார்.

“வலது தோள்ல போடுங்க அண்ணி. இடது தோள்ல போட்டா தூங்கமாட்டா. பாட்டில் பாலுக்குப் பழகலை. ரெண்டு நாள் அழுவா. அப்புறம் குடிச்சுருவா.”

அவள் செருப்பைப் போட்டுக்கொண்டு இன்ஸ்பெக்டருக்கு முன்னால் நடந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை. அக்கா வாசல்வரை போய் நின்றார். ஜீப் போன பிறகும் நின்றார். பிறகு துருவலம்மாவிடம் வந்தார்.

“என் தம்பியக் கொண்டு வரணும்னு உங்களக் கேட்டேன்.”

“ஆமாம்மா. வந்துடுவார்.”

“இந்த வீட்டுக்கா வருவான்?”

 குழந்தை வீறிட்டு அழ ஆரம்பித்தது. அக்கா அதை வலது தோளுக்கு மாற்றிக்கொண்டு, முதுகைத் தட்டியபடி, அந்தச் சின்ன அறையில் முன்னும் பின்னும் நடக்கத் தொடங்கினார்.